பாதிப் பணம் பாண்டில் இருக்கிறது

சேசு மரி சூசை துணை

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசைக்குப் பின்

பெருமதிப்புக்குரிய மச்சான் ஆர்னால்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை உர்சுலாவின் கணவன் மரியஅந்தோணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உர்சுலாவும் நலம். எங்கள் புளோக்கின் லிஃப்ட் மூன்று நாள் படுத்திருந்து இன்று காலைதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருக்கிறது. அங்கே திருச்சியில் நீங்களும், மிரண்டா அக்காவும், பித்தப்பையை எடுத்த இடமும் நலமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை நீங்கள் வாட்சப்பில் அனுப்பிய செய்தி கிடைத்தது. "மாப்பிள்ளை, மார்க்கெட் இப்படி ஏறிக்கிட்டு இருக்கு, இருக்கிறதே சின்னப் பணம், அதுல பாதியைப் பாண்டுல முடக்கி வச்சிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் மதிய உணவைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு இருபத்தாறு வரியில் பதில் எழுதினேன். அனுப்பிய நான்காவது விநாடி உங்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. இருபத்தாறு வரியை நான்கு விநாடியில் படிக்க உங்களால் முடியாது மச்சான், கண் சிகிச்சைக்குப் பிறகும் முடியாது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தயவு செய்து உட்கார்ந்து படிக்கவும்.

போன வருடம் ஜனவரியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். துவாஸ் கப்பல் யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக நான் இருபது வருடம் முடித்ததற்குக் கொடுத்த தொகையும், உர்சுலா கட்டி எடுத்த சீட்டுப் பணமும் சேர்ந்து பன்னிரண்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளி கைக்கு வந்தது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் மேலாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா, சும்மா பல் தெரிகிறதா என்று கவனிப்பதே எனக்குப் பாதி வேலை. ஆகவே இது உங்களுக்குச் சின்னப் பணமாகத் தெரிந்தாலும் எங்களுக்குப் பெரிய பணம். அப்போதே நீங்கள் போன் செய்து, ஊரில் உலகத்தில் இருக்கிற எல்லாக் கம்பெனிப் பங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருக்கிற ஒரு ஃபண்டின் பெயரைச் சொல்லி, மொத்தத்தையும் அதில் போடச் சொன்னீர்கள். வங்கியில் முப்பது வருடம் இருந்த அண்ணன் சொல்கிறார் என்று உர்சுலா உடனே தலையாட்டினாள். நான்தான் பாண்டு என்ற பேச்சை எடுத்தேன். அதுவும் தெரிந்து எடுக்கவில்லை. எங்கள் யார்டில் பாண்டு என்றால் வெளிநாட்டிலிருந்து ஒரு தொழிலாளியை எடுக்கும்போது கம்பெனி அரசாங்கத்துக்குக் காட்டுகிற பிணைத்தொகை. யாரோ ஒருவர் தன் சேமிப்பில் பாண்டு வாங்கியிருப்பதாகப் பேருந்தில் பேசிக்கொண்டு வந்தார், நாமும் ஒன்று வாங்க வேண்டுமா என்று நான் வீட்டில் கேட்டேன், எதற்கு, வீட்டு வேலைக்கு ஆள் வைக்கப் போகிறீர்களா என்று அவள் கேட்டாள், வைத்தால் என்ன என்று நான் கேட்டேன், அப்படியானால் இத்தனை வருடம் பாத்திரம் கழுவியது யார் கணக்கில் வரும் என்று அவள் கேட்டாள். அன்று முதலீட்டைப் பற்றி மேற்கொண்டு பேச முடியவில்லை.

மறு சனிக்கிழமை நூலகத்தில் புது முதலீட்டாளர்களுக்குத் தமிழிலேயே ஓர் இலவச வகுப்பு நடந்தது. போனோம். வகுப்பெடுத்தவர் நிவேதிதா என்ற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், கணக்கைப் பார்த்துக் கொஞ்சமும் பயமில்லாத முகம். பங்கு வாங்கினால் கடையில் நாமும் ஒரு கூட்டாளி, கடை நன்றாக ஓடினால் நமக்கும் உண்டு, படுத்தால் நாமும் படுக்க வேண்டும். பாண்டு வாங்கினால் நாம் கடன் கொடுத்தவர், வட்டி வரும், தவணை முடிந்தால் முதல் வரும் என்றார். இங்கே அரசாங்கமே சேமிப்புப் பாண்டு விற்கிறதாம். ஐந்நூறு வெள்ளியிலிருந்து வாங்கலாம், வட்டி கொஞ்சம்தான், ஆனால் போட்டது குறையாது, அவசரம் என்றால் இந்த மாதம் சொல்லி வைத்து அடுத்த மாதத் தொடக்கத்தில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நான் கையைத் தூக்கி, சின்னப் பணம் வைத்திருக்கிற புது ஆளுக்குப் பாண்டு வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு வார்த்தையில் சொல்லவில்லை. பணம் எப்போது வேண்டும் என்பதைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு என்னையே திருப்பிக் கேட்டார்.

"அங்கிள், உங்க பணம் மூணே வாரத்துல கால்வாசி குறைஞ்சு போச்சுன்னு வைங்க. என்ன செய்வீங்க?"

நான் எழுந்து நின்று, பூசைக்குக் கொடுப்பேன் என்றேன்.

"ஆன்ட்டி, நீங்க?"

"தூங்குவேன்" என்றாள் உங்கள் தங்கை.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிராங்கூன் ரோட்டில் நகைக்கடையில் இருபத்திரண்டு வருடமாகக் காலையில் கடை திறந்ததும் பலகையில் நேற்றைய தங்க விலையை அழித்துவிட்டு இன்றைய விலையை எழுதுகிறவள் அவள்தான். விலை ஏறுவதும் இறங்குவதும் அவளுக்கு வெறும் எழுத்து வேலை. நிவேதிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அங்கிள் பாதியைப் பாண்டில் வைக்கலாம், ஆன்ட்டிக்கு இந்த வயதிலும் அவ்வளவு தேவைப்படாது என்றார். ஒரு வீடு, ஒரு பணம், இரண்டு மருந்துச் சீட்டு. வீடு திரும்பும் ரயிலில் நான் என் சீட்டைத்தான் எடுத்தேன். ஆறாயிரம் பங்கு ஃபண்டில், ஆறாயிரம் பாண்டில். உர்சுலா சன்னலைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள்.

வாங்கப் போனது தனிக் கதை. பாண்டை ஏ.டி.எம்.மிலேயே வாங்கலாம் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் டெக்கா பக்கம் போய் வரிசையில் நின்றேன். ஞாயிறு மாலையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று நீங்கள் வந்திருந்தபோது பார்த்தீர்கள். எனக்குப் பின்னால் முப்பது பேர், எல்லாரும் வேலைக்கு வந்த நம் ஊர்ப் பையன்கள், வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள். இயந்திரம் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது, நான் கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன், கடைசியில் பாண்டு வைக்க உங்களுக்குப் பத்திரக் கணக்கே இல்லை என்று சொல்லி அட்டையைத் துப்பியது. நான் விடவில்லை, மறுபடியும் போட்டேன். மூன்றாம் முறை அட்டையை விழுங்கிக்கொண்டது. பின்னால் நின்றவர், பார்த்தால் கட்டட வேலை செய்கிறவர், என் தோளைத் தொட்டு, "அண்ணே, பரவால்லண்ணே, நாங்க வேற மெஷினுக்குப் போறோம்" என்றார். முப்பது பேரும் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வரிசை மாறினார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் உர்சுலா எதுவும் கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்க வேண்டும். அவள் பெயரில் ஏற்கெனவே பத்திரக் கணக்கு இருக்கிறது, போனிலேயே போட்டுவிடலாம், நீங்கள் அலைய வேண்டாம் என்றாள். மறுநாள் கேட்டேன், ஆகிவிட்டது என்றாள். அன்றிரவு படுத்ததுதான் தெரியும், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிப் போனேன்.

பிறகு ஏப்ரல் வந்தது. எங்கோ யாரோ எதற்கோ வரி என்றார்கள், உலகத்துச் சந்தையெல்லாம் படியில் தவறி விழுந்த டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காக உருண்டது. எங்கள் யார்டில் நசீர் என்று ஒரு கிரேன் ஆபரேட்டர் உண்டு, பதினைந்து வருடமாக நானும் அவரும் ஒன்றாகத்தான் மதியம் சாப்பிடுகிறோம், அவர் தன் சேமிப்பு முழுவதையும் பங்கில் வைத்திருந்தார். முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "அந்தோணிண்ணே, மிச்சத்தையாவது காப்பாத்தணும் லா" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அத்தனையும் விற்றார். அடுத்த மாதமே சந்தை திரும்ப ஏறத் தொடங்கியது. பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு ஏறுவதைப் பார்த்தும் வருத்தப்பட்டார். நானோ எதற்கும் அசையவில்லை. என் சாப்பாட்டையும் சாப்பிட்டு, அவர் தொடாமல் வைத்த மீனையும் சாப்பிட்டேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பாண்டு எப்படி இருக்கிறது என்று உர்சுலாவிடம் கேட்பேன். அப்படியே இருக்கிறது என்பாள். பங்கு? அதுவும் இருக்கிறது என்பாள். பாதிப் பணம் பாண்டில் இருக்கிறது, வருவது வரட்டும் என்று ஒன்பதரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தேன். எனக்கு வந்த தைரியத்தில், காலையில் வேலை தொடங்குமுன் தொழிலாளர்களுக்கு நான் சொல்கிற பாதுகாப்பு அறிவுரையில் பாண்டையும் சேர்த்துவிட்டேன். உயரத்தில் ஏறுகிறவன் இடுப்பில் கயிறு கட்டுகிறான் அல்லவா, சேமிப்புக்கும் அப்படி ஒரு கயிறு வேண்டும், அதுதான் பாண்டு என்று ஐந்து நிமிடம் பேசினேன். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். அன்று மதியம் ஒரு வெல்டர் பொருள் கிடங்குக்குப் போய், அந்தோணி சார் சொன்ன பாண்டு ஒன்று கொடுங்கள், நடுத்தர அளவு போதும் என்று கேட்டிருக்கிறார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சிரித்தார், பல் தெரிந்தது, எந்த வகை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் மச்சான், உங்கள் போன் வந்தது. ஏப்ரல் மூன்றாவது வாரம். பித்தப்பையில் கல், மருந்தில் கரையாது, மே மாதம் முதல் வாரத்தில் அறுவை சிகிச்சை என்றீர்கள். குரலில் வலி தெரிந்தது. பிறகு, "மாப்பிள்ளை, எல்லாத்தையும் பங்குல போட்டு வச்சிருக்கேன், இப்ப வித்தா அடிமாட்டு விலை. ஒரு மூவாயிரம் வெள்ளி புரட்ட முடியுமா?" என்றீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நான் இங்கே வந்த புதிதில், உர்சுலா ஊரிலேயே இருந்த அந்த மூன்று வருடம் அவளை உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்; மூவாயிரம் என்ன, பன்னிரண்டாயிரத்தையும் கேட்டிருந்தாலும் அனுப்பியிருப்போம். நான் போனை மூடிவிட்டு உர்சுலாவிடம் சொன்னது ஒன்றுதான்: பங்கைத் தொடாதே, பாண்டை விற்று அனுப்பு. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்றாள். மே மாதம் இரண்டாம் நாள் பணம் உங்களுக்கு வந்து சேர்ந்தது. கல் வெளியே வந்தது. அதைக் கழுவித் துடைத்துப் படம் பிடித்து நீங்கள் குடும்பக் குழுவில் போட்டீர்கள், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

இப்போது சொல்லுங்கள் மச்சான். பாண்டு வயதானவர்களுக்கு, பெரிய பணக்காரர்களுக்கு, சின்னப் பணத்தில் அது தூங்குகிறது என்கிறீர்கள். தூங்கத்தான் செய்கிறது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் நசீர் தூங்கவில்லை, நீங்கள் வலியில் தூங்கவில்லை, நான் தூங்கினேன். ஏறுகிற காலத்தில் பாண்டு வைத்திருப்பவன் முட்டாள் மாதிரிதான் தெரிவான், அதை ஒப்புக்கொள்கிறேன்; இருபது வயதுப் பிள்ளை ஒருவன் முப்பது வருடத்துக்கு அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தால் அவனுக்கு நான் வற்புறுத்தவும் மாட்டேன். ஆனால் அவசரம் என்பது சந்தை நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து வருவதில்லை, உங்கள் பித்தப்பையே அதற்குச் சாட்சி. புது ஆளுக்கு விலை இறங்குவதைப் பார்த்துப் பழக்கமும் இல்லை, கை போனில்தான் இருக்கும், விற்றுவிடுவான். அவன் கையைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் பாண்டு அதைச் செய்தது. ஆகவே இனி இதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம் என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மிரண்டா அக்காவுக்கு எங்கள் வணக்கம். எண்ணெய்ப் பலகாரத்தை அவர் ஒளித்து வைக்கும் இடத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம், மாற்றச் சொல்லியிருக்கிறோம். ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், இருக்கிற மற்ற உறுப்புகளுக்கு நல்ல சுகமும் அருள்வாராக.

இப்படிக்கு,
பாதிப் பணம் பாண்டில் இருப்பதால் கவலையில்லாமல் வாழும்
உங்கள் மாப்பிள்ளை
மரியஅந்தோணி

பின்குறிப்பு: மச்சான், மேலே இருப்பதை எழுதி முடித்த பெருமையில் உர்சுலாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் நாளைக்குக் கடைக்கு உடுத்த வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏ.டி.எம். வரும்வரை சிரித்தாள். உங்கள் அறுவை சிகிச்சை வந்ததும் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். வாசித்து முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதை அனுப்பாதீங்க" என்றாள். ஏன் என்றேன். "பாண்டு வாங்கவே இல்லைங்க."

பன்னிரண்டாயிரத்தையும் நீங்கள் சொன்ன ஃபண்டிலேயே போட்டிருக்கிறாள். போனைத் திறந்து காட்டினாள். பாண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. உங்களுக்கு அனுப்பிய மூவாயிரமும் பங்கை விற்ற பணம்தான், நீங்கள் விற்க மனமில்லாமல் விட்டீர்களே, அதே ஏப்ரலில், அதே அடிமாட்டு விலைக்கு. விற்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அது மூவாயிரத்து எழுநூறு. "அண்ணன் பேச்சைக் கேட்டுப் போட்டேன், அண்ணனுக்காகவே வித்தேன், கணக்கு சரியாப் போச்சு" என்றாள். அந்த எழுநூறை நீங்கள் தர வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாண்டு வாங்கத்தான் நினைத்தாளாம், முதலில் எல்லாவற்றையும் அண்ணன் சொன்ன ஃபண்டில் போட்டுவிட்டுப் பாதியைப் பிறகு மாற்றலாம் என்று இருந்தாளாம், நான் கேட்ட அன்று ஆகிவிட்டது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அன்றிரவு நான் தூங்கியதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு நான் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்த ஒன்றைச் சொன்னாள். ஜனவரியில் பணத்தை என்ன செய்வது என்று நான்கு நாள் தூங்காமல் கிடந்தேன், ஐந்தாம் நாள் யார்டில் கண் சொருகி, கிரேனில் இரும்புத்தகடு தொங்கும்போது அதற்கு நேர் கீழே போய் நின்றுவிட்டேன். நசீர்தான் மேலேயிருந்து பார்த்து நிறுத்தினார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சியிருந்தேன். அவர் அன்றே இவளிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

"மார்க்கெட் விழுந்தா விழட்டும், எனக்கு அதுல பயமே இல்ல. நீங்க தூங்காம போய் அந்தக் கிரேன் கீழ நிக்கிறதுக்குத்தான் பயம்" என்றாள்.

பிறகு அவளே, "இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல, இனிமே நெசமாவே வாங்கித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு என்று கேட்டாள். பாதி என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, பங்கில் பாதியை விற்கவும் அந்தப் பணத்துக்குப் பாண்டு வாங்கவும், நான் பார்க்கப் பார்க்கப் போனில் போட்டாள். அடுத்த மாதம் முதல் தேதி பாண்டு எங்கள் கணக்குக்கு வந்துவிடுமாம்.

ஆகவே இந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. சாதாரணத் தபாலில்தான் அனுப்புகிறேன். தபால்காரர் அவசரப்படாமல் வந்தால், நீங்கள் படிக்கும்போது மேலே எழுதியிருப்பது எல்லாம் உண்மையாகியிருக்கும்.